ஆக்னஸுக்கு ஓர் அடையாளம்

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் ஆக்னஸ் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெற்று, புது நன்மை வாங்குவாளா, மாட்டாளா? சனிக்கிழமை பொழுது விடிந்தபோது அந்தக் கேள்விக்கு ஆம்பூரில் யாரிடமும் பதில் இல்லை. வெள்ளை கவுன் மட்டும் தயாராகக் கொடியில் தொங்கியது.

வேலூர் லாங் பஜாரில் துணி எடுத்து அம்மா டோரதி தன் கையாலேயே தைத்த கவுன். போன வாரம் அதற்கு ஜாலர் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கோயிலில் வேதபாடம் நடத்தும் உபதேசியார் அந்தோணி வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா. நன்மை வாங்கணும்னா மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணணும். பாவத்தைச் சாமியார் காதுல சொல்லணும். பேசாத புள்ள எப்படிச் சொல்லும்?"

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். டோரதி ஜாலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள், பிரித்தாள், திரும்பவும் தைத்தாள்.

ஆக்னஸுக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும். தெரு முனையில் பட்டாணிக்காரன் மணி அடித்தால் முதலில் எழுந்து நிற்கிறவள் அவள்தான். சொன்னது எல்லாம் புரியும், சொல்லாததும் பாதி புரியும். வார்த்தை மட்டும் நாக்குக்கு வராது. 'ஊ' என்றும் 'ஆ' என்றும் வரும். அதற்கு மேல் வராது.

அதனால் அவள் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றில் தோல் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெட்டு.

அப்பா தேவசகாயம் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் வெட்டுப் போடுகிறவன். பல வியாபாரிகளின் தோல் ஒரே சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும். எது யாருடையது என்று தெரிய மையால் எழுதினால் சுண்ணாம்பு தின்றுவிடும். ஆகவே தோல் தொட்டிக்குள் இறங்குமுன் வால் ஓரத்தில் ஆளுக்கு ஓர் அடையாளம் வெட்டிவிடுவார்கள். ஒருவருக்கு இரண்டு துளை, ஒருவருக்கு ஒரு கீறல், ஒருவருக்குப் பிறை. அதைச் செய்கிற கைதான் ஒரு நாள் ஒதுக்குத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. வயிற்று வலியில் அழுத குழந்தைக்குப் பசி என்று நினைத்து டோரதி கஞ்சிக்கு மேல் கஞ்சி ஊட்டிவிட்ட நாளுக்கு மறுநாள் அது. ஒரு துளை போட்டால் தண்ணீர், இரண்டு துளை சோறு, குறுக்குக் கீறல் வலி. அப்படித் தொடங்கியது இப்போது ஒரு கொத்தாகத் தொங்குகிறது.

"இன்னா டோரதி, மூஞ்சி காஞ்ச தோலாட்டம் கீது?" கிணற்றடியில் சுகரா பேகம் கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் தோல் தரகர்.

"இன்னைக்குச் சாமியாரைப் பார்க்கப் போறோம் அக்கா. அவரும் முடியாதுன்னுட்டா?"

"முடியாதுன்னா இன்னொரு தபா போ. மூணாந்தபா போ. பேஜார் தாங்காம சரின்னுடுவாரு. எங்க ஊட்டுக்காரர் வியாபாரமே அப்படித்தான் நடக்குது."

டோரதிக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் ஆக்னஸ் ஓடிவந்து சுகரா பேகத்தின் முந்தானையை இழுத்து, இரண்டு துண்டுகளை உயர்த்திக் காட்டினாள். வெல்லம். வேணும்.

"பாரு, பாரு! பாவசங்கீர்த்தனத்துக்குப் போற அன்னைக்கும் இவளுக்கு என் டப்பா மேலதான் கண்ணு!"

*

சவரிநாத சாமியார் ஆம்பூர்ப் பங்குக்கோயிலுக்கு வந்து அதிக நாளாகவில்லை. பருத்த உடம்பு, சின்னக் குரல். தேவசகாயமும் டோரதியும் தோத்திரம் சொல்லி நின்றார்கள். உபதேசியார் ஒரு பக்கம் கை கட்டி நின்றார்.

"வாய் பேசாதவங்க சைகையால சொல்லலாம். எழுதிக் காட்டலாம். சபை தடுக்கல, உபதேசியாரே," என்றார் சாமியார்.

டோரதிக்கு மூச்சு வந்தது. "எழுத்து தெரியாது சாமி. பள்ளிக்கூடத்துல சேர்த்துக்கல. ஆனா இந்தத் துண்டுங்களைக் காட்டுவா. நான் பக்கத்துல இருந்து சொல்லிடறேன். ஏழு வருஷமா அவளுக்கு நான்தானே வாய்."

"சட்டத்துல அதுக்கும் இடம் இருக்கு. ஆனா அவளை இல்ல கேக்கணும்?" சாமியார் குனிந்தார். "ஏம்மா ஆக்னஸ், உன் பாவத்தை எங்கிட்டச் சொல்லும்போது அம்மா கூட இருக்கட்டுமா?"

ஆக்னஸ் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கொத்தைத் துழாவி ஒரு துண்டை எடுத்துச் சாமியாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது இன்னா?" என்றார் சாமியார்.

தேவசகாயம்தான் பதில் சொன்னான். "வேணாம்னு சொல்றா சாமி."

டோரதி கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கொண்டை சரியாகத்தான் இருந்தது.

"சரி," என்றார் சாமியார். "அப்போ கோயில் பின்கட்டுல நாற்காலி போட்டு உட்காருவோம். நீ எதிர்ல நின்னு காட்டு. நான் பார்த்துப் புரிஞ்சிக்கறேன்."

மறுபடியும் அதே துண்டு. வேணாம்.

ஆக்னஸ் அவர் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தாள். வலது பக்கச் சுவரோரம் பாவசங்கீர்த்தனப் பெட்டி நின்றது. நடுவில் சாமியார் உட்காரும் இடம், பக்கத்தில் மரத் தட்டி, தட்டியில் சின்னச் சின்ன ஓட்டைகள். பெண்பிள்ளைகள் எல்லோரும் முழந்தாளிட்டுப் பேசும் இடம். ஆக்னஸ் அங்கே போய் முழந்தாளிட்டு, தட்டியை உள்ளங்கையால் தட்டினாள். இங்கேதான்.

"மத்த புள்ளைங்க மாதிரியே வேணுமாம்," என்றான் தேவசகாயம்.

உபதேசியார் தலையில் கை வைத்தார். "இதுவா பேசாத புள்ள? எம் பொண்டாட்டியே தேவல போலிருக்கே!"

சாமியார் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆக்னஸ் ஒரு துண்டைத் தட்டியின் ஓட்டையில் நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. திருப்பி நுழைத்தாள். போகவில்லை. மடக்கி நுழைத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது.

தேவசகாயம் தன் சுண்டு விரலை ஓட்டையில் விட்டு அளந்தான். "துண்டா இருந்தாத்தானே தகராறு. வாரா அறுத்துட்டா நுழையும். முனையில வெட்டுப் போட்டுடறேன்."

"நுழைஞ்சாலும் இந்த இருட்டுல எனக்கு எப்படிப்பா கண்ணு தெரியும்?"

"கண்ணு வேணாம் சாமி. கலங்கின தொட்டிக்குள்ள கைய விட்டு, விரலால தடவித்தான் யார் சரக்குன்னு நாங்க சொல்றது. ஒரு நாழி பழகினா வந்துடும்."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். தேவசகாயம் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தான். அவர் கட்டை விரலால் தடவினார். "தண்ணி... இல்ல, சோறு. சோறுதானே?"

"வலி, சாமி."

"ஐயையோ. வலின்னு அழற புள்ளைக்குச் சோறு போட்டுடுவேன் போலிருக்கே."

டோரதி சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். மெல்ல மெல்லச் சாமியாரின் விரலுக்குப் பழகியது. அப்பா, அம்மா, தூக்கம், வெல்லம், பூனை, கோயில், வேணும், வேணாம். கொத்து முழுவதும் அவர் கையில் ஒரு சுற்று வந்து முடிந்தது.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார். "எல்லாம் சரி. இதுல ஆக்னஸ் எங்கே?"

"இன்னா சாமி?"

"அப்பா இருக்கான், அம்மா இருக்கா, பூனை கூட இருக்கு. இவ எது? வெல்லம் திருடினது பூனையா இவளான்னு எனக்கு எப்படித் தெரியும்? 'நான் செஞ்சேன்'னு சொல்றதுதானே பாவசங்கீர்த்தனம்?"

தேவசகாயம் கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றான். ஊரில் உள்ள சாயபுமார் சரக்குக்கெல்லாம் ஆளுக்கோர் அடையாளம் போட்டவன். ஒன்றுகூட மாறிப்போனதில்லை என்று பெயர் எடுத்தவன். சொந்த மகளுக்குப் போடவில்லை.

அவன் டோரதியைப் பார்த்தான். டோரதி தரையைப் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பசிக்கிறது என்று துண்டைக் காட்டினால், 'ஆக்னஸுக்குப் பசி' என்று உரக்கச் சொல்ல அவள் பக்கத்திலேயே இருந்தாள். எப்போதும் இருந்தாள். 'நான்' என்று ஒன்று தேவைப்படும் என்று தோன்றவே இல்லை.

"சாயந்தரம் புள்ளைங்க வரிசையில வருவாங்க," என்று சாமியார் எழுந்தார். "அதுக்குள்ள அதை முடிச்சிக் கொண்டாங்க. அது இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

*

வீட்டில் நடுக்கூடத்தில் பாய் விரித்து, ஈரத் தோலைப் பலகைமேல் வைத்து, தேவசகாயம் மெல்லிய வாராக அறுத்தான். பழைய வார்த்தைகள் எல்லாம் புது வாருக்கு மாறின. அடுத்தது பாவங்கள்.

"பொய்," என்றாள் டோரதி.

"பேசாத புள்ள எப்படி டோரதி பொய் சொல்லும்?" வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சுகரா பேகம் கேட்டாள்.

"ஏன், சோறு தின்னுட்டுத் தின்னலைன்னு காட்டறாளே."

"ஆமா, அது நெசந்தான். எங்க ஊட்டுலயும் காட்டியிருக்கா. ரெண்டு தபா பிரியாணி போட்டேன்."

ஆக்னஸ் கூரையைப் பார்த்தாள்.

பொய்க்கு ஒரு வளைவு வெட்டு. திருட்டுக்கு ஓரத்தில் ஒரு பிளவு. டோரதி தொடர்ந்தாள். "அடிக்கிறது. சொன்ன பேச்சு கேக்காதது. ஜெபம் சொல்லும்போது தூங்கறது. அப்புறம்..."

"நீயே எல்லாத்தையும் சொல்லிட்டா அவ எதுக்குப் போவணும்?" என்றான் தேவசகாயம் தலை நிமிராமல். "நீயே போய்ட்டு வந்துடு."

அவன் மகளைப் பார்த்து, "நீ சொல்லுடா. வேற இன்னா?" என்றான்.

ஆக்னஸ் எழுந்தாள். கூடத்தின் நடுவே வந்து நின்று, இரண்டு கைகளாலும் சைக்கிள் பிடித்து ஓட்டினாள். மணி அடித்தாள். இறங்கினாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். கை கட்டி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. உபதேசியார் அந்தோணிதான். பிறகு ஒரே குதியில் அவருக்குப் பின்னால் போய் நின்று, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினாள்.

சுகரா பேகம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தேவசகாயத்தின் கத்தி வழுக்கி ஒரு வார் வீணானது.

"அடிப்பாவி! எப்போடி?" என்றாள் டோரதி.

எப்போதும் என்பதுபோல் ஆக்னஸ் கையை வீசிக் காட்டினாள்.

அதற்கும் ஒரு வார் ஆனது. கடைசியில் வெட்டில்லாத ஒரு வார் பலகைமேல் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"சிலுவை போடட்டுமா?" என்றான் அப்பா.

வேணாம்.

"பூ?" என்றாள் அம்மா. "அழகா நாலு இதழ் வச்சு?"

வேணாம்.

"நட்சத்திரம் போடுப்பா," என்றாள் சுகரா பேகம். அவளுக்கும் அதே வேணாம்தான் கிடைத்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வரிசைக்குப் பிள்ளைகளைத் திரட்டும் மணி இன்னும் கொஞ்ச நேரத்தில் அடித்துவிடும். "எதையாவது ஒண்ணை ஒத்துக்கோயேண்டி கண்ணு," என்று டோரதி கெஞ்சினாள். "இது இல்லன்னா நாளைக்கு நன்மை இல்லடி. கவுனை எடுத்து உள்ள வச்சிட வேண்டியதுதான்."

ஆக்னஸ் கொடியில் தொங்கிய கவுனைப் பார்த்தாள். வாரைப் பார்த்தாள். அப்பாவின் கத்தியை எடுக்கக் கை நீட்டியபோது தேவசகாயம் கத்தியைப் பின்னால் மறைத்தான். அவள் முகம் சுளித்தாள். பிறகு ஈர வாரை எடுத்து முனையை வாய்க்குள் வைத்து, கண் இரண்டும் சிறுக்க, பலம் கொண்டமட்டும் கடித்தாள்.

"ஏய், துப்பு! பச்சைத் தோலு!" டோரதி பாய்ந்தாள்.

ஆக்னஸ் வாயைத் திறந்து வாரை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

முனையில் பல் வரிசை பதிந்திருந்தது. நடுவில் பால்பல் விழுந்த இடத்தில் மட்டும் பதியாமல் மேடாக நின்றது. தேவசகாயம் கண்ணை மூடிக் கட்டை விரலால் தடவினான். ஒரு முறை தடவினான். திரும்பவும் தடவினான்.

"காஞ்சா இறுகிடும்," என்றான். "போவாது."

"இந்த அடையாளத்தை எந்தப் பயலும் காப்பி அடிக்க முடியாது," என்றாள் சுகரா பேகம். "எங்க ஊட்டுக்காரரு கிட்டச் சொல்றேன், அவரும் கடிக்கட்டும்!"

டோரதி மகளின் வாயைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள். வாரை அடுப்பங்கரைச் சூட்டில் காயவைக்க அவளே கொண்டுபோனாள். அங்கே தனியாக நின்று, அவளும் ஒரு தடவை கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள்.

*

கோயிலில் பிள்ளைகள் வரிசை நீளமாக இருந்தது. ஒவ்வொன்றும் தட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, முணுமுணுவென்று ஒப்பித்து, சீக்கிரம் எழுந்து போனது. ஆக்னஸ் கடைசிக்கு முந்தினவள்.

டோரதி தூரத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து மகளின் முதுகும் பாதமும்தான் தெரிந்தன.

முதல் வார் தட்டிக்குள் போனது. அது எது என்று இங்கிருந்து தெரியாதா என்று டோரதி கழுத்தை நீட்டினாள். தெரியவில்லை. வார் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு உள்ளிருந்து யாரோ மெல்ல இழுத்து, திருப்பித் தள்ளினார்கள். ஆக்னஸ் அடுத்ததை நுழைத்தாள்.

"எட்டி எட்டிப் பார்க்காதே," என்று தேவசகாயம் காதில் சொன்னான். "பாவம்."

"நான் ஒண்ணும் பார்க்கல."

மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் ஆனது. வரிசையைக் காத்து நின்ற உபதேசியாரின் கை முதலில் கட்டியிருந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது, பிறகு தாடைக்குப் போனது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மலா, இருமலா, சிரிப்பை அடக்கிய சத்தமா என்று சொல்ல முடியாது. டோரதிக்கு அது எந்த வார் என்று தெரிந்துவிட்டது. அவள் உபதேசியாரின் பக்கம் திரும்பாமல் பீடத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகும் வார்கள் போய்க்கொண்டிருந்தன. போனது, வந்தது. இரண்டு ஒன்றாகப் போயின. சாமியாரின் சின்னக் குரல் ஏதோ கேட்டது. ஆக்னஸ் தலையாட்டினாள். மறுபடி ஒன்று போனது. வீட்டில் வெட்டிய பாவங்கள் எல்லாம் தீர்ந்திருக்குமே! இன்னும் என்னதான் சொல்கிறாள்? தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்து, டோரதிக்குத் தெரியாத எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். பீடத்தின் முன் போய், கைகுவித்து, உதடு அசையாமல் சாமியார் விதித்த அபராத ஜெபத்தைச் செலுத்தினாள். திரும்பி வரும்போது ஓடவில்லை, பெரிய மனுஷி மாதிரி நடந்து வந்தாள்.

"இன்னாடி சொன்னே?" வாய் தவறி டோரதி கேட்டுவிட்டாள்.

ஆக்னஸ் கொத்தை இரண்டு கையாலும் பொத்தி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

டோரதிக்கு முகம் சுட்டது. இந்தப் பிள்ளை மனத்தில் நினைப்பது எல்லாம் தன் வழியாகத்தான் உலகத்துக்குப் போகும் என்று இருந்தவள். இப்போது அந்தச் சின்னத் தலைக்குள் அவளுக்குத் திறக்காத ஒரு கதவு. வலிக்கும் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் வலித்தது. அதற்கு மேல் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"போடி. வச்சிக்கோ," என்றாள்.

சாமியார் பெட்டியைவிட்டு வெளியே வந்தார். கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு தேய்த்துக்கொண்டே உபதேசியாரிடம், "நாளைக்கு ஆக்னஸையும் முன் வரிசையில நிறுத்துங்க," என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்ல மாட்டார்.

உபதேசியார் தேவசகாயத்திடம் வந்தார். "அது சரிப்பா. இவ்ளோ நேரம் இன்னாதான் சொன்னா?"

"எங்களுக்கும் தெரியாதுங்க," என்றான் தேவசகாயம். அவன் அதைச் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது.

*

விளக்கு வைத்த பிறகு டோரதி கவுனுக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு முடித்தாள். நாளைக்கு முன் வரிசையில் நிற்கும்போது இடுப்புக் கயிறு பழசாகத் தெரியக்கூடாது என்று, வெள்ளை நாடாவில் வார்களைக் கோக்க உட்கார்ந்தாள். அப்பா, அம்மா, பூனை, வெல்லம். பாவங்கள் எல்லாம் இருந்தன.

பல் பதிந்த வார் இல்லை.

பாயைத் தூக்கி உதறினாள். அடுப்பங்கரையில் பார்த்தாள். "ஏங்க, அது எங்க போச்சு? கோயில்ல விழுந்துடுச்சா?"

"விழாது. நான்தான் முடிச்சு போட்டேன்," என்றான் தேவசகாயம். "அவிழ்த்தாத்தான் வரும்."

இருவரும் மகளைப் பார்த்தார்கள். பூனையோடு மூலையில் உட்கார்ந்திருந்த ஆக்னஸிடம் பதற்றம் எதுவும் இல்லை. கோயிலைவிட்டு வரும்போது பிள்ளைகள் கூட்டத்தோடு கொஞ்ச தூரம் அவள் பின்தங்கி வந்தது டோரதிக்கு நினைவு வந்தது.

"யாருக்காவது குடுத்தியா?"

ஆக்னஸ் தலையாட்டினாள். ஆமாம்.

"யாருக்கு?"

புன்னகை. பூனையின் காதைத் தடவினாள்.

"அது இல்லாம நாளைக்கு இன்னாடி பண்ணுவே? யாருக்குக் குடுத்தே? அம்மாகிட்டச் சொல்லு!"

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"ஆக்னஸ்! ஏ ஆக்னஸ்! வெளியே வா!"

டோரதி வாரைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் 'டோரதியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் யாருடையது என்றும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இரு, நான் போய் யாருன்னு பார்த்துட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

அவள் எழுவதற்குள் பூனை ஒரு பக்கம் துள்ளி விழுந்தது. ஆக்னஸ் பாயைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலுக்கு ஓடிவிட்டாள்.

டோரதியும் பின்னால் அடி எடுத்து வைத்தாள். தேவசகாயம் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காரு டோரதி," என்றான். "உன்னையா கூப்ட்டாங்க?"